எட்டுக்கால் சிப்பில் எழுதியிருப்பது என்ன?

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரியத் தகடு, காற்றாலை, பற்றரி எல்லாம் சேர்ந்த கலப்பு மின் நிலையங்களை அமைக்கும் வேலையை சினோ சோர் என்ற சீன நிறுவனத்தின் கூட்டணிக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை சம்மதித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. அந்த ஆண்டு டிசெம்பர் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் ருவிட்டரில் ஒரு குறிப்புப் போட்டது. மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை நிறுத்தப்பட்டுவிட்டதாம். நிறுவனம் மாலைதீவில் பன்னிரண்டு தீவுகளுக்குச் சூரிய மின் நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டதாம். மூன்றாம் தரப்பின் பெயர் எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. குறிகாட்டுவான் துறையில் படகுக்கு நிற்கிற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இரண்டு வாரம் போகச் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேற்சட்டையைக் கழற்றி நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டுப் போனார். 2022 மார்ச்சில் அதே திட்டத்துக்கு இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூரு யூ-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம். மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின், 530 கிலோவாட் காற்று மின், 2,400 கிலோவாட்-மணி பற்றரி, ஆபத்துக்கு 2,500 கிலோவாட் டீசல்.

இதைப்பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடலை அளந்தார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், அந்தத் தூரத்தில் சீனாக்காரன் வந்து குந்தலாமா என்பதே பேச்சாக இருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை. தீவில் கரண்டைப் போடுவதும் நிறுத்துவதும் கரைக்கு வந்து இறங்குகிற ஆள் அல்ல, அந்தப் பெட்டிதான். சீனப் பெட்டியென்றாலும் இந்தியப் பெட்டியென்றாலும் அப்படித்தான்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் இன்வேட்டர். சூரியத் தகட்டிலிருந்து வருவது நேரோட்ட மின். வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ற், செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும் ஆடலோட்ட மின். இன்வேட்டருக்குள் இருக்கும் திரான்சிஸ்ரர்கள் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, நேரோட்டத்தை வெட்டி வெட்டி அலையாக்குகின்றன. எப்போது திறப்பது, எப்போது மூடுவது, வலையமைப்பின் அதிர்வெண் எவ்வளவு இறங்கினால் விலகிக்கொள்வது, பற்றரியை எந்த மட்டம்வரை வடிய விடுவது என்பதையெல்லாம் ஒரு சிறிய நிரல் தீர்மானிக்கிறது. பெரிய வலையமைப்பில் தொங்குகிற வீட்டு இன்வேட்டருக்கு இதில் பாதி வேலைதான். அது மற்றவர்கள் போடும் தாளத்துக்கு ஆடினால் போதும். தனித்து நிற்கிற தீவில் தாளம் போடுவதே அதுதான்.

அந்த நிரலைத்தான் ஃபேர்ம்வெயர் என்கிறோம்; தமிழில் நிலைபொருள். விண்டோஸ் போல, வேர்ட் போல திரையில் தெரிகிற மென்பொருள் அல்ல. கருவியின் பலகையிலேயே ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் சிப்பில் எழுதப்பட்டிருப்பது. கருவிக்கு மின் கொடுத்தவுடன் முதலில் ஓடுவது அது. மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுவதும் அது. ரவுட்டர், வன்தட்டு, பிரின்ரர், சீசீரீவி கமெரா, கைபேசியின் மோடம் எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது. ஒரு மடிக்கணினியைப் பிரித்துத் தேடினால் ஒன்றல்ல, அரை டசினுக்கு மேல் கிடைக்கும்.

யாழ் நகரில் மடிக்கணினி திருத்துகிற கடைகளில் இந்தச் சிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்து மில்லிமீற்றர் சதுரம், இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டுக் கால். கணினி உயிர் வராமல் கறுப்புத் திரையோடு கிடந்தால், திருத்துகிற பெடியன் பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த எட்டுக் காலிலும் ஒரு கிளிப்பைக் கவ்வக் கொடுப்பான். கிளிப்பின் வயர் விரல் நீளப் பலகை ஒன்றுக்குப் போகும். பலகை யூஎஸ்பியில் இன்னொரு கணினிக்கு. சிப்பிலிருப்பதை ஒரு முறை வாசிப்பான், இன்னொரு முறை வாசிப்பான், இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுவான். ஒன்றில்லையென்றால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. ஒன்றென்றால் பழுதான பிரதியை ஒதுக்கிவிட்டு நல்ல பிரதியை எழுதுவான். பயோஸ் அடிக்கிறது என்று இதற்குப் பெயர்; கணினியை எழுப்பிவிடும் நிலைபொருள்தான் பயோஸ். முழுவதும் பதினாறு மெகாபைற் அளவில்தான் வரும். ஒரு மூன்று நிமிடப் பாட்டு வீடியோவைவிடச் சிறியது.

அந்த நல்ல பிரதி எங்கிருந்து வருகிறது? தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பது பல வேளைகளில் அப்படியே சிப்பில் எழுதக்கூடிய வடிவில் இருப்பதில்லை. ஆகவே வேறொரு நாட்டில் வேறொரு திருத்துநர், ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியிலிருந்து உறிஞ்சி இணையத்தில் போட்ட கோப்பைத் தேடி எடுப்பார்கள். போட்டவர் யார், அந்தக் கணினி அதற்கு முன் யாரிடம் இருந்தது, தெரியாது. கணினி எழும்பிவிடும், வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். பெடியனில் குற்றமில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓட்டியவர்களின் கைதான் அவனுடையதும். ஆனால் அந்த ரேடியோவில் வயரைத் தொட்டுக்கொண்டு போனால் எது எங்கே போகிறதென்று தெரியும். எட்டுக்கால் சிப்பில் வயர் எட்டோடு முடிந்துவிடுகிறது.

சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் மின் நிலையத்து எண்ணெய் கலந்தபோது சனம் வாளியை இழுத்துப் பார்த்தது. மணந்தது. போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க முடிந்தது. வருடக்கணக்காக இழுபட்டாலும் கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. நிலைபொருளில் கலக்கப்பட்டதற்கு மணமில்லை என்பது மட்டுமல்ல சிக்கல். தண்ணீரை எடுத்துத் தரும் வாளியே பொய் சொல்லும் நிலை அது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வன்தட்டில் என்ன இருக்கிறதென்று நேரே பார்ப்பதில்லை; வன்தட்டைக் கேட்கிறது. பதில் சொல்வது வன்தட்டின் நிலைபொருள். கள்ளனே காவல்காரனாக இருந்தால், வீட்டில் ஒருவருமில்லை என்றுதான் பதில் வரும்.

இது கற்பனையல்ல. 2015 பெப்ரவரியில் கஸ்பர்ஸ்கி நிறுவனம், ஈக்குவேஷன் குழு என்று தான் பெயரிட்ட கூட்டமொன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஸீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் உட்பட உலகின் பெரிய தயாரிப்பாளர்கள் பலரின் வன்தட்டுகளுக்குள் இருக்கும் நிலைபொருளையே மாற்றி எழுதும் கருவி அவர்களிடம் இருந்தது. வன்தட்டை ஃபோர்மற் செய்தாலும் போகாது, விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் போகாது. இந்தக் குழு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தோடு தொடர்புடையதென்று பரவலாக நம்பப்படுகிறது. அந்தத் தயாரிப்பாளர்கள் உடந்தையாக இருந்ததற்குச் சான்று எதுவும் வரவில்லை. இதே குழுவைப் பற்றிய இன்னொரு தகவல் எனக்கு மறப்பதில்லை. ஹூஸ்ரனில் நடந்த ஓர் அறிவியல் மாநாட்டில் கலந்துகொண்டவர்களுக்கு 2009இல் மாநாட்டுப் படங்கள் அடங்கிய குறுந்தட்டு தபாலில் வந்தது. வழியில் எங்கேயோ அதற்குள் நச்சு நிரலும் ஏறிவிட்டது. அனுப்பியவர்கள் சுத்தம், வாங்கியவர்கள் சுத்தம், இடையில் ஒரு கை. அந்த முகவரகத்தைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களிலும் இதே கதை உண்டு: ஏற்றுமதிக்குப் புறப்பட்ட ரவுட்டர்ப் பெட்டிகளை வழியில் மறித்து, பக்குவமாகப் பிரித்து, உள்ளே வேண்டியதை வைத்து, திரும்ப ஒட்டி அனுப்புவது.

தயாரிப்பாளரே செய்ததற்கும் உதாரணம் உண்டு, அதுவும் ஒளிவுமறைவில்லாமல். 2015இல் சில லெனோவோ கணினிகளில், முழுத் தட்டையும் அழித்துச் சுத்தமான விண்டோஸைப் போட்ட பிறகும் லெனோவோவின் மென்பொருள் தானாக வந்து உட்கார்ந்தது. பயோஸுக்குள் இருந்த ஒரு பகுதி, விண்டோஸ் எழும்பும்போது தன் கோப்பை உள்ளே தள்ளிவிட்டது. இதற்கான வழியை வகுத்துக் கொடுத்தது மைக்ரோசொப்ற். களவுபோன கணினியைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் அழியாமல் இருக்கட்டும் என்ற நல்ல நோக்கம். சத்தம் எழுந்ததும் லெனோவோ அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. மூன்று வருடம் போக, 2018இல், களவுக் கணினி தேடும் வேறொரு மென்பொருளைத் திரித்து ரஷ்யத் தொடர்புடைய குழு ஒன்று கணினிகளின் நிலைபொருளுக்குள் புகுந்ததை ஈஸெற் நிறுவனம் கண்டுபிடித்தது. நிஜத் தாக்குதலில் பிடிபட்ட முதல் யூஈஎஃப்ஐ நச்சு அது. யூஈஎஃப்ஐ என்பது பழைய பயோஸின் இன்றைய வாரிசு.

எழுபது எண்பதுகளில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. அப்போது சிப்பில் எழுதியது எழுதியதுதான். மாற்ற வேண்டுமென்றால் சிப்பையே கழற்ற வேண்டும். பிழை திருத்த வசதி வேண்டுமென்று மாற்றி எழுதக்கூடிய ஃபிளாஷுக்கு வந்தார்கள். 1999 ஏப்ரல் 26இல், தாய்வான் மாணவன் ஒருவன் எழுதிய சீஐஎச் வைரஸ் பல நாடுகளில் பயோஸ் சிப்புகளை அழித்துக் கணினிகளைக் கல்லாக்கியது. அதற்குப் பிறகுதான் சிப்புக்குப் பூட்டு வேண்டும் என்று தொழில் விழித்துக்கொண்டது.

பூட்டுக்குப் பெயர் டிஜிட்டல் கையொப்பம். தயாரிப்பாளரிடம் இரகசியச் சாவி ஒன்று இருக்கும். புதிய நிலைபொருளை அந்தச் சாவியால் முத்திரையிட்டு வெளியிடுவார். கருவியில் அதன் சோடிச் சாவி பதிந்திருக்கும். முத்திரை பொருந்தாததை ஏற்காது. கணித ரீதியில் உறுதியான ஏற்பாடு. சாவியை வைத்திருப்பவர் மனிதர் என்பதில்தான் ஓட்டை. 2024 ஜூலையில் பைனார்லி என்ற ஆய்வு நிறுவனம் இருநூறுக்கு மேற்பட்ட கணினி மாதிரிகளைப் பட்டியலிட்டது. ஏசர், டெல், கிகாபைற், சுப்பர்மைக்ரோ எல்லாம் அதில். அவற்றில் தலைமைச் சாவியாக இருந்தது, பயோஸ் எழுதிக் கொடுக்கும் நிறுவனமொன்று பரிசோதனைக்கென்று கொடுத்த மாதிரிச் சாவி. நம்ப வேண்டாம், அனுப்ப வேண்டாம் என்ற எச்சரிக்கை சாவியின் பெயரிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்படியே அனுப்பிவிட்டார்கள். அந்த இரகசியச் சாவி 2022இலேயே, நாலெழுத்துக் கடவுச்சொல்லோடு, இணையத்தில் கசிந்து கிடந்தது. சதி செய்ய ஒருவரும் தேவைப்படவில்லை, சோம்பல் போதுமாயிருந்தது.

இனி இன்வேட்டருக்கு வருவோம். 2024 நவம்பர் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சில வீடுகளில் டெய் என்ற சீனக் கம்பனியின் இன்வேட்டர்கள் திடீரென்று வேலையை நிறுத்தின. அந்த நாட்டில் பாவிக்க அனுமதியில்லாத கருவி என்று திரையில் எழுத்து. பின்னணியில் இருந்தது வியாபாரத் தகராறு. அங்கே விற்கும் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. உளவு, போர் எதுவுமில்லை. ஆனால் கூரையில் காசு கொடுத்துப் பூட்டிய பெட்டியை, அதன் சொந்தக்காரரைக் கேட்காமல் நிறுத்தலாம் என்பது அன்றைக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது. 2025 மே மாதம் ரொய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: சில சீன இன்வேட்டர்களிலும் பற்றரிகளிலும், ஆவணத்தில் சொல்லப்படாத தொடர்பாடல் கருவிகள், சிலவற்றில் கைபேசி வானொலிகள் உட்பட, அமெரிக்க நிபுணர்களுக்குக் கிடைத்தனவாம். எந்தக் கம்பனி, எத்தனை பெட்டி என்பது அதில் இல்லை. இந்தச் செய்தியை நான் ஒரு கை தள்ளியே வைத்திருக்கிறேன். 2018இல் புளூம்பேர்க் சஞ்சிகை, சுப்பர்மைக்ரோ பலகைகளில் சீனா வேவுச் சிப்பு வைத்தது என்று அட்டைப்படக் கதை எழுதியது. அப்பிளும் அமேசனும் அடியோடு மறுத்தன. அந்தச் சிப்பை எவரும் இன்றுவரை மேசையில் வைத்துக் காட்டவில்லை. பார்க்க முடியாத இடத்தில் பேயும் இருக்கும், பேய்க்கதையும் இருக்கும்.

எங்கள் நாட்டுக் கூரைகளில் இப்போது ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரியத் தகடு இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். குரங்கை வைத்து எழுதப்பட்ட பகிடிகளுக்குள் காரணத்தின் மற்றப் பாதி மறைந்துவிட்டது. ஞாயிறு பகல், தேவை குறைவு, சூரிய மின்னின் பங்கு அதிகம். பெரிய சுழலிகள் சுழன்றுகொண்டிருந்தால், ஓரிடத்தில் பழுது வந்தாலும் அவற்றின் பாரமே அதிர்வெண்ணைச் சில செக்கன் தாங்கிப் பிடிக்கும். இன்வேட்டருக்குச் சுழல்கிற பாரம் இல்லை. அதிர்வெண் வரம்பைத் தாண்டினால், நிலைபொருளில் எழுதியிருக்கிறபடி பட்டென்று விலகிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே நிரலை ஓட்டினால் ஆயிரமும் ஒரே நேரத்தில் விலகும்.

இரண்டு மாதம் போகச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தேவை மேலும் குறையும் என்று பயந்த இலங்கை மின்சார சபை, பகலில் உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கூரைச் சொந்தக்காரர்களுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தது. வேண்டுகோள்! பலகாரச் சட்டியை விட்டெழும்பி வந்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆளியைத் தட்ட வேண்டும். வீட்டு இன்வேட்டர்களைத் தூரத்திலிருந்து நிறுத்த மின்சார சபைக்கு அன்றைக்கு வழியிருக்கவில்லை. ஆனால் அதே இன்வேட்டர்களில் பலவற்றின் அடியில் ஒரு சிறு வைஃபை குச்சி செருகியிருக்கிறது; இன்றைக்கு எத்தனை யூனிற் என்று கைபேசியில் படம் காட்டுவதற்கு. அது பேசுவது வெளிநாட்டிலுள்ள சேர்வரோடு. பல மாதிரிகளில் அந்த வழியாகவே அமைப்புகளை மாற்றலாம், நிறுத்தலாம், நிலைபொருளையே புதிதாக எழுதலாம். நாட்டின் மின் வலையமைப்பை நடத்துகிறவரிடம் அன்றைக்கு இல்லாத ஆளி, பெட்டி விற்றவரிடம் இருந்தது. பாதுகாப்பு, இறைமை என்று பேசுகிற அரசியல்வாதிகள் எவராவது இதைப் பாராளுமன்றத்தில் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

லித்துவேனியா கேட்டது. 2024 நவம்பரில் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது: 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சூரிய, காற்று, பற்றரி நிலையங்களைச் சீன நிறுவனங்கள் தூரத்திலிருந்து இயக்கும் வாசல் அடைக்கப்பட வேண்டும். பெட்டி வரலாம், வெளியே பேசக் கூடாது. எங்கள் மூன்று தீவு நிலையங்களும் சேர்ந்து அந்த அளவுக்குப் பல மடங்கு பெரியவை. அந்தச் சட்டத்தில் எனக்குள்ள மனக்குறை, கொடியைப் பார்த்துப் பூட்டுகிறது என்பது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியா தன் சந்தையில் விற்கும் சீசீரீவி கமெராக்களின் வன்பொருளையும் மூல நிரலையும் ஆய்வுகூடத்தில் காட்டச் சொல்கிறது. எந்த நாட்டுத் தயாரிப்பென்றாலும் சரி. அது சரியான வழி. தான் வாங்குகிற கமெராவிடம் இந்தியா கேட்கிற கேள்வியை, இந்தியா தருகிற இன்வேட்டரிடம் நாங்கள் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நன்கொடை மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்வார்கள். பால் கறப்பதற்கென்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூல நிரலைக் காட்டினாலும் முடிந்துவிடாது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன் 1984இல் அச்சில் வெளியான தன் டியூரிங் விருது உரையில் இதை விளக்கிக் காட்டினார். மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர். கம்பைலரே கெட்டுப்போயிருந்தால், மூல நிரலில் எழுத்துக்கெழுத்துத் தேடினாலும் கள்ளக் கதவு அகப்படாது. சிப்பில் மட்டும் இருக்கும். ஆகவே கேட்க வேண்டியது மூல நிரலை மட்டுமல்ல. அதே மூல நிரலிலிருந்து, கெடாத கம்பைலரைக் கொண்டு, எங்கள் கையால் கட்டினாலும், சிப்பிலிருக்கிற அதே கோப்பு ஒரு பிற் மாறாமல் வருகிறதா என்று பார்க்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கையொப்பச் சாவி யாரிடம், புதுப்பிப்பு வந்தால் யார் அனுமதிப்பது, கம்பனி இழுத்து மூடினால் சாவி யாருக்கு என்பவை டெண்டரில் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. தீவு நிலையங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கலப்பு நிலையம் ஓட இணையம் தேவையே இல்லை. பற்றரி, காற்றாலை, டீசல் மின்பிறப்பாக்கி எல்லாம் உள்ளூர் வயரிலேயே ஒன்றோடொன்று பேசும். வெளியே போகிற வயரைப் பூட்டிவிட்டு, புதுப்பிப்பு வேண்டிய நாளில் மட்டும் பொறுப்பான ஒருவர் முன்னிலையில் திறக்கலாம்.

வீட்டுக்காரருக்கும் அதே விதி பொருந்தும். வைஃபை குச்சியைக் கழற்றினால் மின் உற்பத்தி நிற்காது. கைபேசியில் வருகிற படம் மட்டும் நிற்கும். எண்ணிக்கையை இன்வேட்டரின் சொந்தத் திரையிலேயே பார்க்கலாம். உத்தரவாத நிபந்தனையில் இணைப்புக் கட்டாயம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்ற மனமில்லையென்றால் ரவுட்டரில் அதற்குத் தனி வலையமைப்பு ஒன்றை ஒதுக்கலாம், வீட்டுக் கணினிகளோடு சேராதபடி.

அந்தக் குச்சி யாரோடு பேசுகிறதென்று பார்ப்பதும் பெரிய வித்தையல்ல. குச்சிக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒரு மடிக்கணினியை வைத்து, போகிற வருகிற பொதிகளை வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளால் ஒரு கிழமை பதிந்தால் போதும். பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் எந்த நாட்டு முகவரி, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது தெரியும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை செய்யக்கூடிய வேலை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பத்து வகை இன்வேட்டரை எடுத்து இப்படிப் பதிந்து வெளியிட்டால், இறுதியாண்டு ஆய்வுத் திட்டமொன்றுக்கு அதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. அதில் அகப்படாதது ஒன்று உண்டு: பெட்டிக்குள் தனி சிம்மோடு வானொலி ஒளிந்திருந்தால் அது ரவுட்டர் வழியாகப் போகாது. அதற்கு வானொலி அலைகளைக் காட்டும் ஸ்பெக்ரம் அனலைசர் வேண்டும், பெட்டியின் மூடியைக் கழற்ற ஒரு திருப்புளியும்.